மின்சார ரயிலில் அவன் ஜன்னல்

1974-ஆம் வருஷம், மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என் மகனுக்கு அப்போது நாலரை வயது.

அவனுக்குப் பேச்சு அதிகம் கிடையாது. கோபம் மட்டும் வரும். வந்தால் கடிப்பான், தலையைத் தரையில் மோதிக்கொள்வான், தெருவே எட்டிப் பார்க்கும்படி அலறுவான். சட்டையில் பட்டன் மாற்றித் தைத்தது போதும். வழக்கமான சந்தில் போகாமல் அடுத்த சந்தில் திரும்பியது போதும்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. பி.எஸ்ஸி. படித்தவள் என்ற தெம்பில், லைப்ரரியில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை ஒரு முறை. அது சரிப்படாவிட்டால் வியாழக்கிழமையே வேறு முறை. "நீ பிள்ளை வளர்க்கிறியா, இல்ல அவனை வெச்சுப் பரீட்சை எழுதறியா?" என்று என் கணவர் கேலி செய்வார்.

அந்தக் கேலியும் ஒருநாள் நின்றுபோயிற்று. அவர் களைத்துவிட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்று வெளியூரில் இருப்பதாக அவர் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் எழும்பூர்ப் பக்கம் ஒரு டாக்டர் கிடைத்தார். புதன்கிழமைதோறும் அழைத்து வரவேண்டும், விட்டு விட்டு வந்தால் பலன் இல்லை என்றார். ஒழுங்காகப் போக முடிந்தால் பிள்ளை வீட்டில், முடியாவிட்டால் விடுதி. கணவரும் நானும் அப்படித்தான் பேசி முடித்தோம். அவருக்கு லீவு கிடைக்காது. போவதானால் நான் தனியாகத்தான் போகவேண்டும்.

முதல் புதன்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில், கதவை ஒட்டின ஜன்னல் காலியாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற கம்பங்களைப் பார்த்தபடி எழும்பூர் வரை மூச்சுக் காட்டாமல் வந்தான்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமும் அதே ஜன்னல் கிடைத்தது. அதோடு அந்த ஜன்னல் அவனுக்குச் சட்டமாகிவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அந்த இடத்தில் ஒரு கைக்குட்டை கிடந்தது. இந்த லைனில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்: ரயில் வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டால் அந்த ஸீட்டு ரிசர்வ் ஆனமாதிரி. தினமும் வேலைக்குப் போகும் பெண்கள் பின்னால் ஏறப்போகும் தோழிக்காக இப்படிப் போட்டு வைப்பார்கள். நான் கேட்டுப் பார்த்தேன்.

"ஆளு கீதும்மா. குரோம்பேட்டைல ஏறும்" என்றார் எதிரில் இருந்த அம்மாள். ஏதோ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். குரல் பெட்டி முழுக்கக் கேட்கும்.

அதற்குள் என் மகன் கைக்குட்டையை எடுத்து வெளியே வீசிவிட்டு ஜன்னலில் உட்கார்ந்துவிட்டான். குரோம்பேட்டையில் அந்தத் தோழி ஏறினார். ஆபீஸுக்குப் போகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். "நகருடா கண்ணு" என்று அவன் தோளைத் தொட்டார். நான் தடுப்பதற்குள் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்துவிட்டது.

"இன்னாம்மா இது! புள்ளைய வளக்கச் சொன்னா பூதத்த வளத்துக்கினு வந்துகிறே!"

"ரெண்டு போடு போட்டா தானா அடங்கும்."

"படிச்ச பொண்ணாத்தான் தெரியுது... என்ன பிரயோஜனம்?"

நான் யாரிடம் என்று தெரியாமல் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பல்லாவரம் வந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரத்தில் படுத்துத் தலையை மோதினான். ரயில் போய்விட்டது. அன்றைக்கு டாக்டரிடம் போகவில்லை. வீட்டில் கணவர், விடுதிக்கு எழுதிக் கேட்கட்டுமா என்று கேட்டார். இன்னும் ஒரே ஒரு புதன்கிழமை கொடுங்கள் என்றேன்.

அந்தப் புதன்கிழமை ரயில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது அந்த ஜன்னலைத்தான். கைக்குட்டை கிடந்தது. என் மகனும் பார்த்துவிட்டான். என் கையில் அவன் விரல்கள் இறுகின. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

"இன்னா பாத்துக்கினே நிக்கிறே? ஏறு!" அதே ஆயாம்மா. "உம் புள்ளைக்குத்தான் போட்டு வெச்சது. குரோம்பேட்டை அக்கா சொல்லிச்சு."

அவன் ஓடிப்போய் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

குரோம்பேட்டையில் அந்தப் பெண் ஏறினார். மணிக்கட்டில் பிளாஸ்திரி. அவன் பக்கம் போகாமல் என் அருகில் வந்து நின்றார். நான் மறுபடி மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கு ரயில் கிளம்பறப்போ பார்த்தேன். அவன் தலையை மோதிக்கறான். நீ உன் உள்ளங்கையைத் தரைல வெச்சு அவன் தலைக்கு அண்டை கொடுத்துண்டிருந்தே. உன் கைதான் அடி வாங்கிண்டிருந்தது. ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலையும் ஓடலை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன்கிட்ட நாங்க என்னென்ன பண்ணக் கூடாது? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லாதவர்கள் ஊரில் இல்லை. அடி என்றார்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டு என்றார்கள், பிரார்த்தனை செய் என்றார்கள். இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். சட்டென்று தொடக் கூடாது, ஜன்னலை மறைத்து நிற்கக் கூடாது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சைதாப்பேட்டை வருவதற்குள் அது பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. புதிதாக ஏறிய ஒருத்தி கொஞ்சலாக அவன் கன்னத்தைக் கிள்ளப் போனபோது, "ஏ, கைய எடு! அது ஆபீசரு, தொடக் கூடாது!" என்று ஆயாம்மா போட்ட அதட்டலில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை நாள் கழித்து என்று தெரியவில்லை.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. கோடம்பாக்கத்தில் ரயில் வெகுநேரம் நின்றபோது அவன் அலறித் தீர்த்தான். ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் பத்திரிகை படித்தார்கள், பூத் தொடுத்தார்கள். அந்த அலட்சியத்தைப் போல ஒரு மரியாதையை அதற்குமுன் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அதன் பிறகு எங்களுக்கு ஒரு புதன்கிழமையும் தவறவில்லை.

இப்போது அவனுக்கு ஆறு வயது நடக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் பள்ளிக்கூடம் போகிறான். சில வார்த்தைகள் வருகின்றன, கோபமும் வருகிறது. குணமாகிவிட்டானா என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் விடுதிப் பேச்சு எங்கள் வீட்டில் பிறகு எழவே இல்லை. பெற்றவள் நான்தான், அவனை என்னோடு இருக்க வைத்தவர்கள், இன்றுவரை நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்தப் பெண்கள்.