அப்பாவின் காப்ஸ்யூலும் என் முகமும்

எங்கள் வீட்டில் மருத்துவம் படித்தவர் ஒருவரும் கிடையாது. அதனால் எல்லோருமே டாக்டர்கள். அதில் பெரிய டாக்டர் என் அத்தை, அப்பாவின் அக்கா. அம்மா போன பிறகு பக்கத்துச் சுரங்கப் பகுதியான பாலகாட்டிலிருந்து வந்து, தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கொடுத்திருந்த எங்கள் லைன் வீட்டை ஆண்டவள்.

அறுபதுகளின் கடைசியில், சுரங்க ஷிப்டில் கல் விழுந்து அப்பாவின் கால் கட்டைவிரல் நசுங்கிச் சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: நாலு வேளை, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. பால் கூடாது. விழுங்கியதும் படுக்கக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. வலி விட்டாலும் பொட்டலம் தீரும்வரை நிறுத்தக் கூடாது.

"இதுக்கும் கேக்கலன்னா வெரலை எடுத்துடணும். அப்புறம் நீ கேஜ்ல எறங்க முடியாது."

அந்த இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குவதைத் தவிர அப்பாவுக்கு வேறு பெருமை இல்லை. ஆனாலும் அத்தனை எச்சரிக்கையில் அவர் பிடித்துக்கொண்டது வெயிலை மட்டும்தான்.

"வெயிலுக்கும் எனக்கும் இன்னா சார் சம்பந்தம்? நான் கெடக்கறதே அடி லெவல்ல!"

கூடப் போயிருந்த நானும் சிரித்தேன். பத்தொன்பது வயதில் எனக்கு வாய்த்த மூளை அவ்வளவுதான்.

வீட்டில் அத்தை பொட்டலத்தைப் பிரித்தாள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. என் கன்னமெல்லாம் பரு. இந்தக் காப்ஸ்யூல் பருவுக்கும் கேட்கும் என்று எங்கோ காதில் வாங்கி வைத்திருந்தாள். பாதி உண்மை தெரிந்தவர்களைப் போல ஆபத்தானவர்கள் இல்லை.

"உங்கப்பனுக்குக் காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு போதும். மீதிய நீ முழுங்குடி. இந்த மூஞ்சிய வெச்சிகினு எவன் கட்டுவான் உன்ன?"

"டாக்டரு நாலு வேளைன்னு சொன்னாரே அத்தை."

"அவரா வந்து உன்னக் கட்டிக்கப் போறாரு?"

"குடுக்கா, கொழந்தைக்குக் குடு," என்றார் அப்பா, புண் காலை நீட்டியபடி.

மாத்திரை சூடாம். அதைத் தணிக்க இரண்டு பேருக்கும் டம்ளர் நிறையப் பால் வேறு. இருக்கிற மருந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, அந்தப் பாதியையும் பாலில் கெடுக்கிற புத்திசாலித்தனம் எங்கள் குடும்பத்துக்கே உரியது.

நான் தினமும் தெருக்குழாய் வரிசையில் உச்சிவெயிலில் குடத்தோடு நின்றேன். மாத்திரையும் வெயிலும் சேர்ந்து நாலாம் நாள் முகம் வெந்து, மூக்குத் தோல் உரிந்தது. பரு அசையவில்லை. அப்பாவின் விரல் கறுத்துக்கொண்டு வந்தது. கட்டு மாற்றும்போது அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் என் பங்கை விழுங்கினேன்.

அடுத்த முறை கட்டைப் பிரித்த டாக்டர் முகம் சுளித்தார்.

"மாத்திரை எல்லாம் சாப்ட்டியா?"

"ஒண்ணு வுடாம சாப்ட்டேன் சார்."

"தண்ணியோடதானே?"

"ஆமா சார்."

"அப்போ உனக்கு இந்த மருந்து கேக்கல," என்று சொல்லிவிட்டு, விரலை எடுப்பதற்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

நான் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதென்று அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடித்திருக்கவே வேண்டாம். உரிந்த மூக்கை டாக்டர் பார்த்துவிடுவாரே என்று, மற்றக் கையால் தாவணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.