தகராறு உண்டா, இல்லையா

ஏவ்ரில் என்ட்விஸிலும் நானும் பதினெட்டு வருடம் ஒரே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தவர்கள். அவள் வீடு வட இங்கிலாந்தில் பர்ன்லிக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. கணவர் நார்மன் பஸ் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், ஆறடி நடந்தாலே மூச்சு வாங்கும். கழிவறையோ மாடியில். பதினாலு படி.

அதனால்தான் வீட்டை விற்க நினைத்தார்கள். கடலோரம் மோர்கமில் மாடியில்லாத சின்ன வீடொன்று கிடைத்தது. இவர்கள் வீட்டை வாங்கவும் ஆள் வந்தது. கெசியா என்று ஒரு பெண், வயிற்றில் ஆறு மாதம். "பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி?" என்று கேட்டாள். ஏவ்ரில் ஜன்னல் பக்கம் திரும்பி, "அமைதியானவங்க" என்றாள்.

அடுத்த வாரம் வக்கீல் ஃபாரூக்கியிடமிருந்து படிவம் வந்தது. வீட்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் விற்பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலி யாருடையது, கூரை எப்போது மாற்றியது என்பதையெல்லாம் அவள் மளமளவென்று நிரப்பிவிட்டாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. அக்கம்பக்கத்தாரோடு தகராறோ புகாரோ உண்டா?

உண்டு. ஐந்து வருடமாக உண்டு. பக்கத்து வீட்டு கிரெய்க் ஹாவர்த், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சாக்கடை மூடிமேல் சிமெண்ட் கொட்டிக் கொட்டகை போட்டுவிட்டான். மூடியைத் திறந்து அடைப்பெடுக்க வழியில்லாமல், பெருமழை பெய்தால் சாக்கடை இவள் கொல்லையில் பொங்கி, அடுக்களைப் படிவரை வரும். கேட்டதற்குக் கெட்ட வார்த்தை. நகராட்சிக்கு எழுதினாள். அவர்கள் அனுப்பிய உத்தரவை அவன் கிழித்து, இவள் வீட்டுக் கதவிலுள்ள தபால் துளை வழியே போட்டான்.

ஃபாரூக்கிக்குப் போன் செய்தாள்.

"இல்லைன்னு போட்டா என்ன சார் ஆகும்?"

"என்ன எழுதணும்னு நான் சொல்ல முடியாது, மேடம். பொய்னு தெரிஞ்சா, வித்தப்புறமும் வாங்கினவங்க உங்க மேல கேஸ் போடலாம். பொய்னு எங்கிட்டயே சொல்லிட்டா, என்னால அனுப்பவே முடியாது."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்று போனை வைத்துவிட்டாள்.

நார்மன் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "இல்லைன்னு போடு ஏவ்ரில். ஊர்ல எவன்தான் உண்மைய எழுதறான்?"

அவள் எழுதவில்லை. இரண்டு வாரம் படிவம் ரொட்டிப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. மூன்றாவது வாரம் நார்மன் ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கால்சட்டை நனைந்துவிட்டது. அவள் துடைத்துவிட்டபோது அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் கிரெய்க் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"வித்துட்டுப் போறியாம்? படிவத்துல என்னைப் பத்தி என்ன எழுதுன?"

அவள் உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணும் எழுதியிருக்க மாட்டே. எழுதுனா எந்த முட்டாள் வாங்குவான்? சாகறவரைக்கும் நானும் நீயும்தான் கண்ணு." சிரித்தான். "பாரு, கடைசில நீயே எனக்கு நற்சாட்சி குடுக்கற."

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். உறையைப் பிரித்து, அந்தக் குறியைக் கோடு போட்டு அடித்தாள். 'உண்டு' என்று போட்டு, நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதத் தொடங்கினாள். இடம் போதாமல் மூன்று தாள் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

"நல்லவளா இருக்கணும்னெல்லாம் இல்லடி. அவன் சிரிச்சான், அவ்வளவுதான்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் கெசியா விலகிக்கொண்டாள். மோர்கம் வீடு வேறொருவருக்குப் போனது.  இரண்டு நாள் கழித்து நார்மன், "பெருமையா இருக்குதா?" என்றார். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் போனபோது அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்த வாடைகூடத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கீழே வாளி வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கினார். ஏப்ரலில் அவர்களே வீட்டை ஏலத்தில் விட்டார்கள். அந்த மூன்று தாளையும் படித்துவிட்டே, வாடகைக்கு விடும் ஒருவன் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வாங்கினான். அந்தப் பணத்துக்குக் கடலோரம் எதுவும் கிடைக்கவில்லை. பஸ் பணிமனைக்குப் பின்னால், தரைத்தளத்தில் ஒற்றையறை வீடுதான் கிடைத்தது.

நார்மன் சாகும்வரை அங்கே எட்டு மாதம் இருந்தார். கழிவறைக்கு நாலடி தூரம்தான், தானே போய்வந்தார். "கடல் பார்த்திருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னாராம், கோபமில்லாமல். ஏவ்ரிலுக்கு அந்தச் சொல்தான் இன்னும் தாங்கவில்லை.