மாமனார் காதில் இருந்த குளம்

மொட்டை மாடியில் என் மாமனார் வலது கையைத் தூக்கினால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன உள்ளங்கை அது. சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் கொண்டுபோன பிறகு, செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் தினமும் விடிந்ததும் உட்கார்ந்துகொண்டு, பின்பக்கத்துக் குளத்தின் பறவைகளைக் காதாலேயே அடையாளம் சொல்வார். "தோ, மீன்கொத்தி வந்துடுச்சு. ஆள்காட்டி கத்திக்கினு இருக்குது பாரு. கண்ணுதாம்மா போச்சு, காது போவல" என்பார். பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. நேரமாகிவிட்ட எரிச்சலில், "ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

அந்தக் கோடையில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடினார்கள். மனைக்கல்லும் நட்டாயிற்று. சத்தம் கேட்டு அவர் விசாரித்தபோது, ரோடு போடுகிறார்கள் என்று என் கணவர் சொல்லிவைத்தார். பறவைகள் போனதும் தானாகத் தெரிந்துகொள்வார் என்று நினைத்தோம். ஆனால் காலைப் பட்டியலில் ஒன்றும் குறையவில்லை. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, ஒருநாள் நானும் நின்று கேட்டேன். மீன்கொத்தி நிஜமாகவே கத்தியது! திரும்பிப் பார்த்தால், கம்பத்தின் மேல் ஒரே ஒரு மைனா. தொண்டையை உப்பிக்கொண்டு மீன்கொத்தியாகக் கத்தியது, அடுத்து ஆள்காட்டியாக, பிறகு தன் சொந்தக் குரலில். குளம் இருந்த காலத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

குளத்தை மீட்க மனு கொடுக்கப்போவதாகத் தெருக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வீடு மாமனார் பெயரில் இருந்ததால் அவருடைய கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் சிரித்தார். "இன்னாபா இது? காலைல கூட மீன்கொத்தி கத்துச்சு. குளம் எங்க போச்சு?" வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. அவருக்காக இல்லை, எனக்காகத்தான் வெட்கப்பட்டேன். இதை இன்றைக்காவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

"குளமே இல்ல மாமா, மூடி மூணு மாசம் ஆவுது. நீங்க கேக்கறதெல்லாம் ஒரே ஒரு மைனா" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன்.

"மீன்கொத்தி?"

"மைனாதான் மாமா."

"அப்ப ஆள்காட்டியுமா?"

"அதுவும்தான்."

பேனாவைக் கேட்டார். என் கணவர் விரலைப் பிடித்து வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனு எந்த மேசையில் கிடக்கிறதோ, குளம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் எழும்பிவிட்டன. நானும் சில காலைகளில் மாடிக்குப் போய் நிற்கிறேன். மைனாக்கள் வருகின்றன. மீன்கொத்தியாகக் கத்துவது ஒன்றுகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் மாடி ஏறவே இல்லை. அன்று மாலையே காபியை எடுத்துக்கொண்டு போய், "மாமா" என்று கூப்பிட்டேன். முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார், கை நீளவில்லை.

"யாரும்மா?"

"நான்தான் மாமா."

பதினோரு வருஷமாகக் கேட்ட குரல். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பின் இரண்டு வருஷம் இருந்தார். இருந்த வரைக்கும் ஒவ்வொரு வேளையும் என் மணிக்கட்டைத் தடவி, வளையலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் டம்ளரை வாங்கினார்.