இரண்டாவது விளக்கு

அப்பா ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்த அன்று அதன் டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். "வரும்போதே எரிஞ்சுக்கிட்டுதான் வந்துது" என்று அம்மா பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டிப்ளமோ முடித்து, கிண்டியில் மின்கருவிகள் பழுதுபார்க்கும் ஓர் இடத்தில் நான் பயிற்சியில் இருந்தேன். அப்பா கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வெளிநாட்டு உதவியில் நடந்த ஏதோ நிலத்தடி நீர் ஆய்வு முடிந்ததும் விற்ற வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். மலைப்பாதை, சேறு, மணல் எல்லாம் பார்த்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு அதற்குப் போதாது. திருப்பும்போதெல்லாம் எதிர்வீட்டு கேட் வரை போய் வர வேண்டியிருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு மலை மலையாகப் போக வேண்டும் என்பது அப்பாவின் திட்டம்.

மூன்றாம் மாதம் பிரேக் விளக்கு எரிந்தது. சிவப்பு. வளைவில் மினுக்கும், நேரே போனால் அணையும். சானடோரியம் பக்கம் இருந்த மெக்கானிக்கிடம் போனோம்.

"பிரேக்கு சோக்கா கீது சார். அந்த பல்ப புடுங்கிட்டா பேஜார் வுட்டுது" என்றார் அவர்.

"பல்பைப் பிடுங்கினா கோளாறு போயிடுமாண்ணா?" என்று கேட்டேன்.

"கோளாறு போவாது பாப்பா. பயம் போயிடும்ல?"

அப்பா பல்பைப் பிடுங்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். சாமி, பூஜை எல்லாவற்றையும் கிண்டல் செய்கிற மனிதர், துணிக்கடையில் இலவசமாகக் கொடுத்த பிள்ளையார் ஸ்டிக்கரை அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். அளவு சரியாக இருந்ததாம். வேளச்சேரி ரோட்டில் ஒரு சாயங்காலம் பிள்ளையாரின் வயிறு சிவப்பாக எரிவதை அம்மா பார்த்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மிச்ச தூரத்துக்கு பஸ் பிடித்தாள்.

"விளக்கு எரிஞ்சதுக்குக் கோபம் இல்ல. மூடி வெச்சீங்களே, அதுக்கு" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "இனிமே நான் அதுல ஏற மாட்டேன். நான் ஏறாத வண்டி எதுக்கு? வித்துடுங்க."

அப்பா வாதாடவில்லை. அவர் வாதாடாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் என் பயிற்சி நோட்டை எடுத்தேன். இந்த விளக்கு மூன்று காரணத்துக்கு எரியலாம்: கைப்பிரேக் முழுக்க இறங்காமல் இருப்பது, பிரேக் எண்ணெய் குறைவது, கம்பி எங்காவது உரசுவது. கைப்பிரேக் சரியாக இறங்கியது. எண்ணெய் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. கசிவு எங்கும் இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் கட்டைகள் பிஸ்கட் மாதிரி தேய்ந்திருந்தன. கட்டை தேயத் தேய எண்ணெய் இறங்கும். வளைவில் அது ஒரு பக்கம் சாயும்போது விளக்கு மினுக்கும். மெக்கானிக் கட்டைகளை மாற்றினார். முதல் விளக்கு அணைந்தது.

நான்காம் நாள் பக்கத்தில் இன்னொரு விளக்கு எரிந்தது. மஞ்சள். பிரேக் போடும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கு உரியது. அப்போது இங்கே அது இருந்த வண்டிகளே அபூர்வம். மெக்கானிக் அதை ரொம்ப மரியாதையோடு பார்த்தார். "இது நம்ம ஊரு பல்பு இல்ல சார்" என்றார்.

மேடவாக்கத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர், தன் மனைகளைச் சுற்றிப் பார்க்க இப்படி ஒரு வண்டி தேடுகிறார் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். அன்று புதன்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, கிண்டிப் பட்டறையிலிருந்து, கம்பியின் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். அதற்கு முன் ஒரு பட்டியல் போட்டேன்: கடந்த பத்து நாளில் வண்டியை யார் தொட்டார்கள், என்ன செய்தார்கள். மெக்கானிக், அப்பா, நான். அம்மாவிடமும் கேட்டேன். "நான் ஏன் அது கிட்டப் போறேன்?" என்றாள், தேர்வுத் தாளிலிருந்து நிமிராமல்.

ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் சுழற்சியை எண்ணும் சின்ன உணர்கருவி உண்டு. ஒன்று எண்ணத் தவறினாலும் மஞ்சள் விளக்கு வந்துவிடும். நான்கின் கம்பிகளையும் அளந்தேன். நான்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டின. மனசு விட்டுப்போனது. பிறகு, வண்டி நேராக நிற்கும்போது மட்டும் அளந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"அப்பா, ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்கத் திருப்புங்க."

திருப்பினார். முன்பக்க இடது சக்கரத்தின் எண் மறைந்துபோனது. நேராக்கினார், வந்தது. மறுபடி திருப்பினார், போனது. கம்பி உறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது, இழுபடும்போது விட்டுப் போகிறது. சாக்கு விரித்து அடியில் படுத்தேன்.

கம்பி, சக்கரத்தோடு திரும்பத் தாராளமாக விட்டிருந்த இடத்தில், கறுப்புக் கயிறு ஒன்று அதையும் பக்கத்திலிருந்த இரும்புத் தண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் ஒரு படிகாரக் கட்டி. திருஷ்டிக் கயிறு. புதுசு. அதில் ஒன்பது முடிச்சு, எல்லாம் ஒரே இடைவெளியில், அளந்து போட்டதுபோல. எங்கள் வீட்டில் அப்படி முடிச்சுப் போடுகிற ஆள் ஒருத்திதான்.

அப்பாவை டீ போடச் சொல்லி அனுப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து, குனிந்து பார்த்தாள்.

"பம்பர்ல கட்டியிருந்தா உங்கப்பா பார்த்துட்டு ஒரு வாரம் சிரிப்பாரு" என்றாள். "அதான் உள்ள கட்டினேன்."

"எப்பம்மா?"

"கட்டை மாத்தின அன்னிக்கு. நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டிருந்தப்ப, மத்தியானம்."

"விக்கணும்னு நீதானே சொன்னே?"

"விக்கிற வரைக்கும் அவர்தானேடி ஓட்டுவாரு?"

கயிற்றைக் காட்டி, கம்பி எப்படி இழுபட்டது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். அவளுக்கு விளக்குவது சுலபம், ஒவ்வொரு படியிலும் தலையாட்டுவாள்.

"அப்போ இந்த விளக்கு என்னால எரியுது."

"ஆமாம்மா."

"அவர்கிட்ட நீ சொல்லாதே."

கயிற்றை அறுத்தேன். கெட்டுப்போன துண்டை வெட்டி, இடையில் புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்து உறை போட்டேன். அம்மா டார்ச் பிடித்தாள். அப்பா மூன்று டம்ளரோடு வந்து, மனைவி வண்டிக்கு அடியில் டார்ச் அடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டி வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது டாஷ்போர்டு இருட்டாக இருந்தது.

ஞாயிறு காலை மேடவாக்கத்துக்காரர் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தார்.

"ஜோரா கீதுபா. ஏதோ லைட்டு எரியுதுன்னாங்களே?" என்று மச்சானைக் கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா வாசலிலிருந்து சொன்னாள். "எரிஞ்சுது. சரி பண்ணியாச்சு. வண்டி விக்கலைங்க. உங்களை அலைய வெச்சதுக்கு மன்னிக்கணும். காபி சாப்பிட்டுப் போங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க வூட்ல ஒரு பேச்சு, வெளில ஒரு பேச்சா?"

"எனக்கும் இப்பதாங்க தெரியும்" என்றார் அப்பா. மச்சான் சிரித்துவிட்டார். காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா எதையோ கேட்க நினைத்து, கேட்காமல் சாவியைப் போட்டார். முதல் நொடி எல்லா விளக்குகளும் எரிவது அந்த வண்டியின் வழக்கம். அம்மா சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன.

"கயிறு நான்தான் கட்டினேன், அதனாலதான் மஞ்ச விளக்கு எரிஞ்சுது" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சுடுங்க. ஓட்டும்போது வேணாம்."

அப்பா சிரிக்கவில்லை. கியரைப் போட்டு, எதிர்வீட்டு கேட் வரை போய்த் திருப்பினார்.