தரையில் இழுக்க வேண்டிய சிவப்புப் பிடி

நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர். ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. அந்த மாதம் ஒரே விமானம் மூன்று முறை ஓடுபாதை வரை போய், ஸ்பார்க் பிளக் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"நீங்க ஒழுங்கா சுத்தம் பண்றதில்ல. இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று பள்ளியை நடத்தும் கேப்டன் சொல்லிவிட்டார்.

மறுநாள் அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். கழற்றிய எட்டு பிளக்குகளும் தட்டில் இருந்தன. எஞ்சினின் அடிப்பக்கத்து நான்கின் வாயிலும் கடுகளவு சாம்பல் நிற மணிகள். கேப்டனிடம் அவற்றைக் காட்டிக்கொண்டிருந்தார் அக்கா.

"பெட்ரோல்ல இருக்கற ஈயம் சார் இது. ஷெட்டுலேர்ந்து ரன்வேக்குக் கால் மணி நேரம் ஆமை மாதிரி உருட்டிட்டுப் போறீங்க. எஞ்சின்ல சூடு பத்தல, பெட்ரோல் மட்டும் தாராளமாப் போகுது. ஈயம் வெளியேறாம ஒட்டிக்குது. தரையிலயே சிவப்புப் பிடியைப் பின்னால இழுத்து பெட்ரோலைக் குறைங்க."

"ஒரு ஸ்டூடண்ட் அதைத் திரும்பத் தள்ள மறந்துட்டு ஏறினா? பாதி உயரத்துல எஞ்சின் படுத்துரும்மா!"

"கொஞ்சமா இழுத்தாத்தான் அந்த ஆபத்து. நல்லா இழுங்க."

கேப்டன் சிரித்தார். "வீட்டு அடுப்பு இல்லம்மா இது."

"அடுப்பெல்லாம் இவ பாத்துப்பா" என்று என்னைக் காட்டினார் அக்கா. "எனக்கு இதுதான் தெரியும். ஏறுங்க சார். பிடியை இழுத்து வெச்சுட்டு, மறந்துபோன மாதிரி முழுசா முடுக்குங்க."

பிளக்குகளைத் துடைத்து மாட்டிவிட்டு அவரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். விமானம் நூறடி உருண்டது. கேப்டன் முடுக்கினார். எஞ்சின் இரண்டு முறை இருமி, அப்படியே அணைந்துபோனது. அந்த அமைதியில், திறந்திருந்த ஜன்னல் வழியாக அக்காவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மறந்தா தரையை விட்டே கிளம்ப முடியாது சார்."

தினமும் காலையில் என்னோடு குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுகிறவரா இவர்!

அதன்பின் தரையில் பிடியை நன்றாக இழுத்தே உருட்டினார்கள்; மூன்று வாரம் அந்த விமானம் ஒருமுறைகூடப் பறக்காமல் திரும்பி வரவில்லை. பிளக்குகளைக் கழற்றும் அன்று, சாக்கு எதுவும் தேடாமல் நானும் போனேன். எட்டும் வெளிர்பழுப்பாக, உலர்ந்து இருந்தன. கேப்டன் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ, வேற ஆள் பாக்கறேன்னீங்களே?" என்று கேட்டார் அக்கா.

"யாரு சொன்னா?" என்றார் கேப்டன்.

எட்டும் சமமாகத் தேயட்டும் என்று அக்கா, கீழே இருந்த பிளக்குகளை மேலுக்கும் மேலே இருந்தவற்றைக் கீழுக்குமாக மாற்றி மாட்டத் தொடங்கினார்.