மெதுவா மாஸ்டரும் வேகமான வண்டியும்

என்னிடம் கார் பழக வருபவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மெதுவா மாஸ்டர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். ஆனால் பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுதானே என் பிழைப்பு, அதனால் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். மைதானத்தைச் சுற்றுவோம், மார்க்கெட் சாலை வரை போவோம், மறுபடி மைதானம். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவன் நான். நான்காவது கியர் என்று ஒன்று இருப்பதாக மாணவர்களிடம் சொல்வேன். போட்டுக் காட்டியதில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு, ஐந்து வினாடியில் நூறைத் தொடும் கார் மேல் ஆசை வந்தது.

காரணம் என்னவோ நியாயமானதுதான். என் மகள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவார். வலி என்று மகள் கூப்பிட்டால் என் மனைவி அங்கே போய் நிற்க வேண்டும். கூடவே தொட்டில், குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி, மூன்று மாதத்துக்கான மூட்டை முடிச்சு. ஸ்கூல் காரில் தொட்டிலின் ஒரு கால்தான் நுழைந்தது.

“அவ கூப்பிட்டதும் கிளம்பணும். தொட்டில் உள்ள போகணும். வேற ஒண்ணும் வேணாம்” என்றாள் மனைவி.

அவள் கேட்டது ஒரு கார். நான் ஆரம்பித்தது ஆராய்ச்சி. முன்பாதி ரேஸ் காராகவும் பின்பாதி சரக்கு வண்டியாகவும் இருக்கும் எஸ்டேட் கார்தான் சரி என்று முதல் வாரமே முடிவுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் பத்து வாரம் நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

முதல் முறை ஓட்டிப் பார்க்கப் போனபோதே மானம் போயிற்று. ஷோரூம் பெண் சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நேராகப் போய் இடது பக்கம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். அவள் வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சார், நீங்க ஓட்டலியா?”

“நீங்களே ஓட்டுங்கம்மா. நான் வண்டியைக் கவனிக்கணும்” என்று சமாளித்தேன். அவள் ஓட்டினாள். நான் வண்டியைக் கவனிக்கவில்லை, அவள் கிளட்சைக் கவனித்தேன். சிக்னல் வந்தபோது என் கால் தானாகத் தரையை மிதித்தது. ஸ்கூல் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, இதில் வெறும் மிதியடிதான். “மெதுவா, மெதுவா” என்று வேறு சொல்லியிருக்கிறேன். அவள் இருபதில் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த குழப்பம், லீசுக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா. லீஸ் என்றால் மூன்று வருடத்தில் புது வண்டி மாற்றலாம். ஆனால் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு உண்டு, திருப்பித் தரும்போது கீறல் இருந்தால் அபராதம். கீறல் என்றால் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். நக அளவு பரவாயில்லை என்றாள் ஷோரூம் பெண். யார் நகம் என்று கேட்டேன். அதற்குமேல் அவள் எனக்குக் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நான் நின்றுகொண்டிருக்க, மகளுக்கு ஒன்பதாவது மாதம் பிறந்தது.

“இன்னும் நாள் இருக்குல்ல” என்றேன் மனைவியிடம்.

“குழந்தைக்கும் சொல்லி வையுங்க” என்றாள்.

குழந்தை கேட்கவில்லை. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை, ஐந்தாவது முறையாக ஷோரூமில் உட்கார்ந்திருந்தேன். பாடம் நடக்கும்போது போனைச் சத்தமில்லாமல் வைப்பது என் வழக்கம். ஷோரூமிலும் அப்படியே வைத்திருந்தேன். பதினொரு மணிக்கு எடுத்துப் பார்த்தால், மனைவி ஏழு முறை கூப்பிட்டிருக்கிறாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

“பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன். காலையிலயே அவளுக்கு வலி வந்துடுச்சு. பாதி தூரம் தாண்டிட்டேன்” என்றாள்.

“யார் ஓட்டறா?”

“நான்தான்.”

அவளே சொன்னாள்: “வாடகைக்கு எடுத்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்கள்ல, அதே மாதிரி நீளமான வண்டி. தொட்டில் பின்னால கெடக்கு.”

“உனக்கு லைசென்ஸ்?”

“வாங்கிப் பதினாலு மாசம் ஆச்சு. ரேஸ் மேடத்துகிட்ட கத்துக்கிட்டேன். சரி, வைக்கிறேன்.”

ரேஸ் மேடம் என்பது இரண்டு தெரு தள்ளி ஸ்கூல் நடத்தும் அம்மாவுக்கு நான் வைத்த பெயர். நான்காம் நாளே மாணவர்களை நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போகிறவர். அவரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. இருபது வருடத்துக்கு முன் என் மனைவிக்கு நானும் பாடம் எடுத்தேன். பாடம் பதினொரு நிமிடம் நடந்தது. அதற்குள் என் பக்கத்துப் பிரேக்கை ஒன்பது முறை மிதித்தேன். அவள் நாற்சந்தியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். “அவளுக்கு வண்டி சரிப்படாது” என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நானும் கிளம்பினேன், ஸ்கூல் காரில். ‘L’ போட்ட பழகுநர் பலகையைக் கழற்ற மறந்துவிட்டேன். என்னைத் தாண்டிய ஒவ்வொரு லாரிக்காரனும் ‘பயப்படாதே, வந்துவிடும்’ என்பது போலக் கையசைத்துவிட்டுப் போனான். முந்நூறு கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேத்தி பிறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “அவங்கம்மா வந்து கூட்டிட்டு வந்தாங்க. இன்னும் அரைமணி போயிருந்தா வீட்லயே பிறந்திருக்கும்” என்றார் நர்ஸ். நானாக இருந்தால் அந்த அரைமணி மார்க்கெட் சாலையிலேயே போயிருக்கும். அவமானமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அழுதேன், நர்ஸ் அதைத் தாத்தா ஆன சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

மனைவி வராந்தாவில் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், அசடு வழிய, கார் பேச்சையே எடுத்தேன்.

“லீஸா, சொந்தமான்னு நாளைக்குள்ள சொல்லணும்.”

“சொந்தமா வாங்கிடுங்க. நான் ஓட்டினா கீறல் விழும். அதுக்கெல்லாம் யார்கிட்டயும் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியாது.”

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதினொரு வாரம் நான் எதை யோசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு துணியை எடுத்து நானும் மடித்துக்கொண்டே கேட்டேன்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“லைசென்ஸ் வாங்கின அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்துச்சு. சொன்னா நீங்க பக்கத்துல வந்து உக்காருவீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.