முகமூடிக்காரி எங்கள் சந்துக்கு வந்த நாள்

நனைந்த கம்பளியின் வாடை தெரியுமா உங்களுக்கு? ஆட்டுக்கொட்டிலையும் அந்துருண்டையையும் சேர்த்துப் பிசைந்தது மாதிரி மூக்கில் ஏறும். அந்த வாடையில்தான் நான் வளர்ந்தேன். கொடைக்கானல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. சீசனுக்கு மெல்லிய சட்டையோடு மலையேறி வந்து பல் கிடுகிடுக்க நிற்கிறவர்களுக்குக் கம்பளி வாடகைக்குக் கொடுப்பது அப்பாவின் தொழில். வெயில் தலைகாட்டும்போதெல்லாம் அவற்றை உதறி உலர்த்துவது எதிர்வீட்டில் இருந்த என் சித்தி, அம்மாவின் தங்கை.

சித்தப்பா லாரி ஓட்டினார். பக்கத்துப் பள்ளங்கி கிராமத்து உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால், அங்கே டூரிங் சினிமாக் கொட்டகையில் ஓர் ஆட்டம் பார்க்காமல் திரும்ப மாட்டார். ஐம்பதுகளின் நடுவில் அந்தக் கொட்டகைகளை ஆண்டவள் ஒரு சண்டைப்பட நடிகை. கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி, முழங்கால் வரை பூட்ஸ், கையில் சவுக்கு, ஏறிப் பறக்க ஒரு வெள்ளைக் குதிரை. அவளுடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'முகமூடிக்காரி' என்றால் போதும். ஆண்கள் விசிலடித்தார்கள். அம்மா மாதிரியான குடும்பப் பெண்களோ அவள் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளித்தார்கள்.

சித்தப்பா எங்களுக்கு அந்தக் கதைகளைச் சொல்வார். "பொண்டாட்டியப் போட்டு அடிச்சான் பாரு அந்த ஜமீன்தாரு, அவன் முதுகுத் தோல உரிச்சுப்புட்டாங்கல்ல!" என்று சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கும். அதே சித்தப்பா மறுநாள் காலையில் குழம்பு ஆறிப்போனதென்று சித்தியை அடிப்பார். அழுதது எந்த மனிதர், அடித்தது எந்த மனிதர் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். அவருக்கு ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. "அது புருஷன் பொண்டாட்டி சோலி, நாம நுழையப்படாது" என்பார் அப்பா. அடி விழும் சத்தம் கேட்டால் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொள்வாள்.

ஒரு சீசனின் கடைசியில் முகமூடிக்காரியே ஷூட்டிங்குக்காக எங்கள் ஊரில் வந்து இறங்கினாள். அவர்கள் தங்கிய பங்களாவுக்கு எங்கள் கடையிலிருந்துதான் கம்பளி போயிற்று. கொண்டுபோன சித்தியோடு நானும் அடம்பிடித்துப் போனேன். குதிரையைத் தேடிக்கொண்டே உள்ளே நுழைந்தால், என் அம்மாவைவிடக் குள்ளமாக ஒரு பெண் வெந்நீர்ச் சட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஜலதோஷத்தில் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. இவர்தான் அவள் என்று சித்தி சொன்னபோது நான் நம்பவில்லை.

சித்தி கம்பளியை மடித்து வைத்தாள். போகாமல் நின்றாள். அவளுடைய இடது கண் அன்றைக்கு வீங்கியிருந்தது.

"அம்மா, எங்க வீட்டுக்காரர்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்ங்க."

அவர் சித்தியின் கண்ணைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "ஏம்மா, நான் நடிக்கிறவ. குதிரையிலேர்ந்து குதிக்கிறதுகூட நான் இல்ல, ஒரு ஆம்பள. நான் சொன்னா யாரு கேப்பா?"

"அது உங்களுக்குத் தெரியும்ங்க. அவருக்குத் தெரியாதுல்ல" என்றாள் சித்தி.

மறுநாள் வெள்ளனே, பனி விலகாத நேரத்தில், எங்கள் சந்து முனையில் ஒரு கார் வந்து நின்றது. முகமூடியும் பூட்ஸுமாக அவள் இறங்கி வந்தாள். சவுக்குகூட இருந்தது. சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சித்தப்பா அவளைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவள் சித்தியைக் கையால் காட்டி, படத்தில் பேசுகிற குரலில், "இனி இந்தப் பெண்மீது கை வைக்காதே" என்றாள். பிறகு மூக்கை ஒரு முறை பலமாக உறிஞ்சினாள். காரில் ஏறிப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் பல வருஷங்கள் சித்தப்பா கையை ஓங்கவில்லை. இதில் எனக்குப் புரியாதது, அவர் வெட்கப்படவும் இல்லை என்பதுதான். வத்தலக்குண்டு வரை எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டார். "எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்கப்பா! எப்படி ஒரு சீறு சீறுனாங்க தெரியுமா?" என்பார். அந்தச் சீற்றம் ஜலதோஷம் என்பது சித்திக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

அறுபதுகளில் சண்டைப் படங்களின் மவுசு போய்விட்டது. முகமூடிக்காரி கொஞ்ச காலம் காணாமலே போனாள். பிறகு ஒரு குடும்பப் படத்தில் அவர் நடித்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சித்தப்பா எங்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். படம் முழுக்கக் குடிகாரப் புருஷனிடம் அவர் அடி வாங்கினார். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் அவன் காலிலேயே விழுந்து, அடிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று கதறினார். கொட்டகையே அழுதது. அவர் பேரைச் சொல்லக் கூசிய என் அம்மா, "இப்பத்தான் நடிக்கவே செய்றா, என்ன ஒரு பொம்பள!" என்று மூக்கைச் சிந்தினாள். சித்தி மட்டும் அழவில்லை. மலையேறும்போது சித்தப்பா அந்தக் கடைசி வசனத்தையே முணுமுணுத்தபடி வண்டியை ஓட்டினார்; அது எனக்கு என்னவோ பயமாக இருந்தது.

அந்த வாரமே சித்தியை மறுபடி அடித்தார். "அவங்களே பொறுத்துக்கிட்டாங்க, ஒனக்கு என்ன?" என்று கேட்டாராம்.

சித்தி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்து வந்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்காமல் கம்பளி அறைக்குள் போய்ப் பெட்டியை இறக்கி வைத்தாள். பிறகு எதிர்வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சித்தப்பா வந்து வாசலில் நின்று கூப்பிடும்போதெல்லாம் அவள் கம்பளியை உதறிக்கொண்டிருப்பாள். தூசி தாங்காமல் அவர் போய்விடுவார்.

அந்த நடிகை மீது எனக்குக் கோபம் வந்தது. அவர் பிழைப்பு அவருக்கு என்று அது தணியும், மறுபடி வரும். இப்போதுதான் தாய்மார்கள் தன்னை மதிக்கிறார்கள் என்று அவர் ஒரு பத்திரிகையில் சந்தோஷப்பட்டிருந்ததைப் படித்தபோது என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. இந்த வயதிலும் தெரியவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கம்பளியை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. முகமூடிப் படங்களில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லையாம். சில வருஷங்களுக்கு முன் அந்த நடிகை இறந்தபோது டெலிவிஷனில் 'பொறுமையின் உருவம்' என்று சொல்லி, அவர் காலில் விழும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். என்னோடு இருந்த சித்தி, எண்பதைத் தாண்டியவள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். செய்தி முடிந்து விளம்பரம் வந்தது.

"என்னடி இது," என்றாள், "நம்ம வாசலுக்கு வந்தவங்களக் காட்டவே இல்லியே."